பெட்டியின் மேல் ஒரு பெயர்

ஒரு டிவியின் தரம் கடையில் தெரிவதில்லை. ஷோரூம் சுவரில் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும் டிவிகளில் வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். திரையில் வரும் பூக்களும் மீன்களும் அந்தந்தக் கம்பெனியே அனுப்பிவைத்த படம். கத்திரிக்காயில் சொத்தை இருந்தால் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். டிவிக்குள் இருக்கும் பவர் போர்டு எத்தனை கோடை தாங்கும் என்பதை அப்படிப் பார்க்க வழியில்லை. வாங்கி, வீட்டில் மாட்டி, சில வருடங்கள் ஓட்டிய பிறகே அது தெரியவரும். அதற்குள் அந்த மாடலே கடையில் இருக்காது.

இந்தச் சிக்கலை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து விளக்கினார். 2001இல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எதற்கும் சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல பொருளை விற்கக் கட்டுப்படியாகாது. நல்லது சந்தையை விட்டு விலக, மட்டமானது மிஞ்சும். இதற்குச் சந்தையே கண்டுபிடித்த மாற்று வழிகளாக அவர் சொன்னவற்றில் உத்தரவாதமும் பிராண்ட் பெயரும் அடங்கும். பெயர்பெற்ற கம்பெனி ஒரு பொருளில் ஏமாற்றினால் அடுத்த பொருளை யாரும் வாங்கமாட்டார்கள். அந்த வகையில் பிராண்ட் என்பது வாங்குபவரிடம் கம்பெனி வைக்கும் பிணை. பிணைக்கு மதிப்பு, அது போனால் நஷ்டப்படுகிறவர் ஒருவர் இருக்கும்வரைதான். எனவே ஒரு பிராண்டை எடைபோடும்போது முதலில் கேட்க வேண்டியது: இந்தப் பெயர் கெட்டால் இன்றைக்கு யாருக்கு நஷ்டம்?

சோனியின் ஆரம்பகாலச் சம்பவம் ஒன்று இதற்கு நல்ல உதாரணம். 1955இல் அகியோ மொரிட்டா தன் கம்பெனியின் டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துக்கொண்டு அமெரிக்கா போனார். கடிகாரங்களுக்குப் பேர்போன புலோவா கம்பெனி ஒரு லட்சம் ரேடியோ கேட்டது. ஒரே நிபந்தனை, ரேடியோவின் மேல் புலோவா என்றுதான் போட வேண்டும். டோக்கியோவில் இருந்த சகாக்கள் ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். அன்றைக்கு அவர்களுக்கு அது மலைக்கவைக்கும் ஆர்டர். மொரிட்டா மறுத்துவிட்டார். பொருள் நன்றாக இருந்து வரும் பேரெல்லாம் அடுத்தவன் கணக்கில் சேர்ந்துவிடும் என்பது அவர் கவலை.

அந்தக் காலத்தில் ஜப்பான் சரக்கு என்றாலே மேற்கில் இளக்காரம். தங்கள் பொருள்களில் 'ஜப்பானில் தயாரானது' என்ற வரியை முடிந்த அளவு பொடி எழுத்தில் போட்டதையும், அமெரிக்கச் சுங்க அதிகாரிகள் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னதையும் மொரிட்டாவே பின்னாளில் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் 1950இலேயே அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானிய எஞ்சினியர்களுக்கும் முதலாளிகளுக்கும் புள்ளியியல் முறைத் தரக் கட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். 1951 முதல் அவர் பெயரில் பரிசும் வழங்கப்பட்டது. சரக்கு முதலில் மாறியது, பெயர் வெகுகாலம் கழித்து மாறியது. கொரியாவுக்கும் அதே கதைதான். ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் பெயர் சில வருடம் பின்தங்கியே வரும். அப்பா வாங்கிய டேப்ரெக்கார்டர் இருபது வருடம் பாடியது என்பதால் மகன் அதே பெயருள்ள டிவியைத் தேடி வாங்குவது இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

மொரிட்டா மறுத்த ஏற்பாடு இன்று ஊரறிந்த வியாபாரம். கோடக் என்றால் ஃபிலிம் ரோல் ஞாபகம் வரும். அந்த அமெரிக்கக் கம்பெனி 2012இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. இந்தியக் கடைகளில் கோடக் பெயரில் வரும் டிவியை உரிமம் பெற்றுத் தயாரிப்பது நொய்டாவின் சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ். பிரான்சின் தாம்சன், ஜெர்மனியின் புளாபுங்க்ட் ஆகிய பெயர்கள் இங்கே டிவியாக வருவதும் அதே கம்பெனி வழியாகத்தான். தோஷிபாவின் டிவி பிரிவில் 95 சதவீதம் 2018இல் சீனாவின் ஹைசென்ஸ் கைக்குப் போனது. நோக்கியாவின் ஃபோன் தொழில் 2014இல் மைக்ரோசாஃப்டுக்குப் போய், பிறகு பெயர் மட்டும் உரிமத்தின் பேரில் ஹெச்எம்டி என்ற புதுக் கம்பெனிக்கு வந்தது.

தமிழ்நாட்டுச் சமையலறையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. சென்னையில் பிறந்த ப்ரீத்தி மிக்சியை 2011இல் பிலிப்ஸ் வாங்கியது. 2021இல் பிலிப்ஸ் தன் வீட்டு உபயோகப் பொருள் பிரிவை ஹில்ஹவுஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றபோது ப்ரீத்தியும் கூடவே போனது. அந்தப் பிரிவு இப்போது வெர்சுனி என்ற பெயரில் இயங்குகிறது. பிலிப்ஸ் பெயரையும் உரிமம் பெற்றே பயன்படுத்துகிறது. சுமார் பத்து வருடத்தில் இரண்டு முறை உடைமை மாறியும் மிக்சி மேல் ஒட்டியிருக்கும் பெயர் மாறவில்லை.

கைமாறிய பெயர் என்றாலே மட்டம் என்று ஒதுக்குவது சரியல்ல. ஐபிஎம் தன் கம்ப்யூட்டர் தொழிலை 2005இல் லெனோவாவுக்கு விற்றபோது திங்க்பேட் மடிக்கணினியை வடிவமைத்த ஜப்பானின் யமாட்டோ ஆய்வகமும் சேர்ந்தே போனது. அதனால் திங்க்பேட் திங்க்பேடாகவே தொடர்ந்தது. ஆளும் ஆலையும் பெயரோடு சேர்ந்து கைமாறியதா, பெயர் மட்டும் வாடகைக்குப் போனதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சொந்த வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க யோசிப்பார். குடியிருப்பவருக்கு அவ்வளவு யோசனை வராது. பெயரை ஐந்து வருடத்துக்கு எடுத்தவர் அதைக் கெடுத்தாலும் அடுத்த பெயரை எடுத்துக்கொள்ள முடியும்.

உண்மையில் யார் தயாரித்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், தயாரான மாதமும் வருடமும் பெட்டியின் மேல் இருந்தாக வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் எந்த நாடு என்பதும் இருக்க வேண்டும். டிவி, ஃபோன், சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸின் கட்டாயப் பதிவும் உண்டு. 2012இல் வந்த ஆணை அது. பொருளின் பின்னால் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கங்களுடன் ஓர் எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அதைத் தட்டினால் பதிவு யார் பெயரில், எந்தத் தயாரிப்பாளருக்கு என்பது வந்துவிடும். வாங்கும் முன்பே கடையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அந்தப் பதிவு பாதுகாப்புக்கு மட்டுமே பொறுப்பு: ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்ற அளவில். படம் தெளிவாக இருக்குமா, ஏழு வருடம் உழைக்குமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூடியைக் கழற்றினால் பெயர்களின் வித்தியாசம் இன்னும் குறையும். உலகத்தின் டிவி பேனல்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளிலிருந்து வருகின்றன. சாம்சங்கின் பேனல் கம்பெனி 2022இல் எல்சிடி தயாரிப்பையே நிறுத்திவிட்டது. சாம்சங் எல்சிடி டிவிகளுக்குள் இருப்பது வெளியாரின் பேனல். சோனி விற்கும் ஓலெட் டிவிகளில் பலவற்றின் திரை எல்ஜி டிஸ்ப்ளே செய்து கொடுத்தது. ஏசியிலும் இதே நிலைதான்; ஜிஎம்சிசி, ஹைலி போன்ற ஆலைகளின் கம்ப்ரெசர்கள் பல பெயர்களில் விற்கும் ஏசிகளுக்குள் இருக்கின்றன. 'எல்லாம் ஒரே சரக்குதான் சார், ஸ்டிக்கர்தான் வேற' என்று மெக்கானிக்குகள் சொல்வதில் பாதி உண்மை உண்டு.

மீதிப் பாதி சின்னச் சின்ன உதிரிப் பாகங்களில் இருக்கிறது. பவர் சப்ளை போர்டில் சிறு உருளைகளாக நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை எடுத்துக்கொள்ளலாம். அதன் உடம்பிலேயே 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சூட்டில் சுமார் 2,000 மணி நேரம் உழைக்கும் என்பது சாதாரண ரகத்துக்கான உத்தரவாதம். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எஞ்சினியர்களின் தோராயக் கணக்கு. டிவிக்குள் 65 டிகிரி இருப்பதாக வைத்துக்கொண்டால், 85 டிகிரி ரகம் 8,000 மணி நேரமும் 105 டிகிரி ரகம் 32,000 மணி நேரமும் தாங்கும். தினம் ஐந்து மணி நேரம் டிவி பார்க்கும் வீட்டில் முதலாவது நாலரை வருடத்துக்குள் முடிந்துவிடும்; இரண்டாவது பதினேழு வருடம் போகும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் அற்பம். ஆனால் பத்து லட்சம் டிவி செய்யும் ஆலையில், ஒரு போர்டில் இப்படிப் பத்துப் பதினைந்து உருளைகள் என்றால் அற்பம் கோடியாகிவிடும். எதை எங்கே மிச்சம் பிடிப்பது என்று அங்கே எடுக்கும் முடிவுதான் வாங்குபவர் வீட்டில் தரமாகத் தெரிகிறது.

பெரிய கம்பெனிகளும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2000களின் தொடக்கத்தில் மோசமான கெப்பாசிட்டர்கள் வீங்கி வெடித்து உலகமெங்கும் மதர்போர்டுகள் போயின. ஆப்டிபிளக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில் இந்தக் கோளாறைச் சரிசெய்யும் செலவை முன்னிட்டு டெல் 2005இல் சுமார் 30 கோடி டாலரை ஒதுக்க வேண்டிவந்தது.

ஊரின் சீதோஷ்ணமும் கணக்கில் சேரும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஏசியின் வெளி யூனிட்டை அரிக்கும். காயிலும் அதன் மேல் பூச்சும் எப்படிப்பட்டவை என்பது தூத்துக்குடியில் முக்கியம், கோயம்புத்தூரில் அவ்வளவு இல்லை. வோல்டேஜ் ஏறி இறங்கும் கிராமத்தில் இன்வெர்ட்டர் ஏசியின் போர்டு முதல் பலி. வெளி யூனிட்டுக்குள் கதகதப்புக்காகப் புகுந்த பல்லி போர்டின் மேல் கருகிக் கிடப்பதை ஏசி மெக்கானிக்குகள் அடிக்கடி பார்க்கிறார்கள். போர்டை மூடிய பெட்டிக்குள் வைத்து மேலே காப்புப் பூச்சும் பூசிய கம்பெனிக்கும், திறந்தபடி விட்ட கம்பெனிக்கும் இங்கே வித்தியாசம் தெரியும். வெளிநாட்டு விமர்சனத்தில் முதல் பரிசு வாங்கிய பொருள் இந்தச் சோதனையை எழுதியிருக்காது.

குறையே இல்லாத கம்பெனி கிடையாது. ஆகவே குறை வந்தபோது என்ன செய்தது என்பது பிராண்டைப் படிக்கச் சிறந்த இடம். 2007 ஆகஸ்டில் நோக்கியா ஓர் அறிவிப்பு விட்டது: பிஎல்-5சி என்ற பேட்டரியில் 4.6 கோடி எண்ணிக்கை சார்ஜ் ஏறும்போது அதிகமாகச் சூடாகலாம், வேண்டுமென்றால் இலவசமாக மாற்றித் தருகிறோம். அப்போது இந்தியாவில் எந்தச் சட்டைப் பையிலும் நோக்கியாதான். ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஓடத் தொடங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. ஃபோன் வெடிக்குமாம் என்ற பீதி பரவி, பேட்டரியைக் கழற்றி எண்ணைப் பார்க்காதவர் இல்லை. குறையுள்ள அந்தப் பேட்டரிகளைச் செய்தது ஜப்பானின் மட்சுஷிட்டா, அதாவது பானாசோனிக் குழுமம். உலகம் முழுவதும் சூடேறியதாக வந்த புகார்கள் சுமார் நூறு; பெரிய காயம் எதுவும் பதிவாகவில்லை. கம்பெனி எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை தயாரான சரக்கு என்று தானாகவே சொன்னது, மாற்றியும் கொடுத்தது. பெயர் தப்பியது.

2016இல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 இதைவிடக் கடினமான பாடம். ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ஃபோன் தீப்பிடிக்க, செப்டம்பர் 2 அன்று 25 லட்சம் ஃபோன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அவசர அவசரமாக வேறொரு கம்பெனியின் பேட்டரியைப் போட்டுக் கொடுத்த மாற்று ஃபோன்களும் எரிந்தன. அக்டோபர் 11இல் தயாரிப்பே நின்றது. 2017 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கைப்படி முதல் பேட்டரியில் உறைக்குள் இடம் போதாமல் மூலையில் மின்முனை வளைந்திருந்தது. இரண்டாவதில் வெல்டிங் பிசிறுகள் காப்பு நாடாவைத் துளைத்திருந்தன. இரண்டும் வெவ்வேறு குறைகள். காரணத்தை முழுதாகக் கண்டுபிடிக்காமல் மாற்றிக் கொடுத்ததுதான் முதல் தவறை விடப் பெரிய தவறு. அதன் பிறகு 2 லட்சம் ஃபோன்களையும் 30,000 பேட்டரிகளையும் வைத்துச் சோதித்து, முடிவை வெளியாட்களைக் கொண்டும் சரிபார்த்து வெளிப்படையாகச் சொன்னதால் அடுத்த வருடமே சாம்சங் தலைநிமிர்ந்தது.

இதே சாம்சங்கின் தலைவர் லீ குன்-ஹீ, 1995இல் குமி ஆலையில் சுமார் 1,50,000 குறையுள்ள ஃபோன்களையும் பிற கருவிகளையும் தொழிலாளர்கள் முன்னிலையில் உடைத்துக் கொளுத்தச் செய்தவர். அதற்குப் பத்து வருடம் முன்பு, 1985இல், சீனாவின் சிங்தாவோவில் பின்னாளில் ஹையர் ஆன ஆலையில் அதன் இயக்குநர் ஜாங் ருய்மின் 76 குறையுள்ள ஃபிரிட்ஜ்களைத் தொழிலாளர் கையாலேயே சம்மட்டியால் உடைக்கவைத்தார். இவை நாடகமும்தான். கம்பெனிகள் இன்றுவரை இந்தக் கதைகளைச் சொல்லிப் பெருமைப்படுவதிலிருந்தே அது தெரிகிறது. 1995இல் நெருப்பு வைத்த கம்பெனிக்கு 2016இல் ஃபோன் எரிந்ததும் உண்மை. பழைய புராணத்தைவிடச் சமீபத்திய நடத்தைக்கே எடை அதிகம்.

பெட்டியில் அச்சிடும் எண்களும் கம்பெனியின் குணத்தைக் காட்டிக்கொடுக்கும். 1990களில் உள்ளங்கை அளவு ஸ்பீக்கரின் மேல் 1,000 வாட் பி.எம்.பி.ஓ. என்று எழுதி விற்றார்கள். கண்ணிமைக்கும் நேரத்துக்குக் கற்பனையில் எட்டக்கூடிய உச்சம் அது. தொடர்ந்து பாடும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். அளவு அதில் ஒரு சிறு பங்குகூடத் தேறாது. இன்றைய வாரிசு பவர் பேங்க். 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரியின் கணக்கு. 5 வோல்ட்டில் வெளியே வரும்போது 7,400, மாற்றும் இழப்பு போக இன்னும் குறைவு. யோக்கியமான கம்பெனி வெளியே கிடைக்கும் அளவையும் சேர்த்துப் போடும், பொடி எழுத்தில்தான் என்றாலும். ஏசியின் நட்சத்திரங்களை நம்பலாம். 2006இல் தொடங்கிய அரசுத் திட்டம் அது. ஆனால் ஸ்டிக்கரில் உள்ள வருட யூனிட் கணக்கு 1,600 மணி நேரத்துக்கானது. நட்சத்திர அளவுகோலும் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், ஸ்டிக்கரில் எந்த வருடம் என்று பார்க்காமல் ஐந்து நட்சத்திரத்தை ஒப்பிடுவது வீண்.

ஆன்லைன் நட்சத்திரங்கள் வேறு ரகம். காசு கொடுத்து எழுதவைக்கும் விமர்சனங்களைக் கட்டுப்படுத்த பி.ஐ.எஸ். 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. பின்பற்றுவது கம்பெனிகளின் விருப்பம் என்ற அளவில்தான். நேர்மையான விமர்சனத்திலும் ஒரு கோளாறு உண்டு. பெட்டியைப் பிரித்த சந்தோஷத்தில் முதல் வாரம் எழுதப்படுபவையே அதிகம். ஒரு வருடம் கழித்து வந்து எழுதுகிறவர் அபூர்வம். தேதியைப் பார்த்து அந்த அபூர்வமானவற்றைப் படிப்பதுதான் பயன். அவற்றில் ஒரே பாகம் பற்றிய புகார் திரும்பத் திரும்ப வந்தால் அது வடிவமைப்பின் குறை. ஆளுக்கொரு புகார் என்றால் வழக்கமான சேதாரம். அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், விளம்பரம் வாங்காமல், பொருளைக் கடையில் தானே காசு கொடுத்து வாங்கிச் சோதிக்கிறது. கம்பெனி அனுப்பிவைத்த ஃபோனை வைத்துக்கொண்டு பேசும் யூடியூபருக்கும் அதற்கும் உள்ள தூரம் அங்கேதான்.

இந்தியாவில் பிராண்டின் பேர் கடைசியில் சர்வீஸில் வந்து நிற்கிறது. 1980களில் தமிழ்நாட்டு வீடுகளில் சென்னைத் தயாரிப்புகளான டயனோராவும் சாலிடேரும் ஓடிய காலத்தில் ஊர் மெக்கானிக் மூடியைக் கழற்றிச் சால்டரிங் வைத்தே பெரும்பாலான கோளாறுகளைச் சரிசெய்துவிடுவார். இன்று பேனல் போனால் பாதி டிவியின் விலை, சில சமயம் அதற்கும் மேல். ஆகவே ஸ்பேர் கிடைக்குமா என்பது தரத்தின் பகுதியாகவே ஆகிவிட்டது. இதை விளம்பரத்தில் தேடுவதைவிட, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில், அல்லது ஊரில் பல கம்பெனிப் பொருள்களையும் கையாளும் மெக்கானிக்கிடம் கேட்பது நல்லது. எந்த டிவி நல்லது என்று கேட்டால் அவரவர் அபிப்பிராயம் வரும். எந்த போர்டு அடிக்கடி வருகிறது, எதற்கு ஸ்பேர் கிடைக்காமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேட்டால் கிடைப்பது தகவல்.

வாரண்டியை அச்சிட்டபடி படிக்க வேண்டும். 'கம்ப்ரெசருக்கு 10 வருடம்' என்பதன் கீழே மற்ற பாகங்களுக்கு ஒரு வருடம் என்று இருக்கும். கம்ப்ரெசர் அவ்வளவு சீக்கிரம் போகாது, போர்டுதான் போகும். கம்ப்ரெசரே போனாலும் கூலியும் கேஸ் நிரப்பும் செலவும் பல கம்பெனிகளில் வாடிக்கையாளர் தலையில். போர்டுக்கும் ஐந்து வருடம் கொடுக்கிற கம்பெனி தன் சரக்கைத் தானே நம்புகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கடையில் தனியாக விற்கும் நீட்டிப்பு வாரண்டி பெரும்பாலும் கடைக்காரருக்கே லாபம். மின்னணுப் பொருள்கள் முதல் சில மாதங்களில் ஒன்று, முதுமையில் ஒன்று என இரண்டு காலங்களில்தான் அதிகம் பழுதாகும். முதலாவதைக் கம்பெனி வாரண்டியே பார்த்துக்கொள்ளும், இரண்டாவது வருவதற்குள் நீட்டிப்பு முடிந்திருக்கும். ஃபோனுக்கு வாரண்டியைவிட சாஃப்ட்வேர் அப்டேட் காலம் முக்கியம். கூகுள் 2023 முதலும் சாம்சங் 2024 முதலும் தங்கள் உயர்ரக ஃபோன்களுக்கு ஏழு வருடம் என்று எழுத்தில் கொடுக்கின்றன. நீண்ட வாக்குறுதிக்குக் கம்பெனியும் அத்தனை காலம் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த வீடியோகான் 2018இல் திவால் நடவடிக்கைக்குள் போனது.

இவ்வளவு பார்த்து வாங்கியும் பொருள் கெட்டு, கம்பெனி கையை விரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. தயாரித்த கம்பெனி, விற்ற கடை, பழுது பார்த்த சர்வீஸ் சென்டர் மூன்று தரப்பின் மீதும் பொருள் பொறுப்பு கோர அந்தச் சட்டம் இடம் தருகிறது. பில், வாரண்டி அட்டை, சீரியல் எண்ணின் படம், சர்வீஸ் சென்டர் கொடுத்த வேலைச்சீட்டுகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.